நகரம் பார்க்க வந்தவர்

எனக்கு வேலை ஊரைச் சுற்றிக் காட்டுவது. பெல்கிரேடுக்கு வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு, குடையைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் நடப்பேன். கோட்டை, கோட்டைக்குக் கீழே இரண்டு ஆறுகள் சேரும் இடம், புனித சாவா கோயில், கடைத்தெரு. வருஷக்கணக்காக அதே பேச்சு, அதே படிக்கட்டு, அதே முழங்கால் வலி. "இவ்வளவுதானா?" என்று எவனாவது கேட்டால் குடையாலேயே ஒன்று போடலாமா என்றிருக்கும். ஆனாலும் இந்தப் பிழைப்பில் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். யார் நிஜமாகவே ஊரைப் பார்க்கிறார்கள், யார் பார்க்கிற மாதிரி பாவனை செய்கிறார்கள் என்பது கொஞ்ச நேரத்தில் எனக்குத் தெரிந்துவிடும்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி மட்டும் ராஜாவே வந்தாலும் குடையைத் தொட மாட்டேன். அன்று புனித நிக்கோலாவின் நாள், எங்கள் வீட்டு ஸ்லாவா. குடும்பத்துக்கு ஒரு குலப் புனிதர், அவருக்கு வருஷத்தில் ஒரு நாள்; அன்று மெழுகுவத்தி ஏற்றுவது வீட்டுக்காரன், அவனுக்குப் பிறகு அவன் மகன். நிக்கோலாவைக் கும்பிடும் வீடுகள் எங்கள் நாட்டில் எக்கச்சக்கம். அன்று நகரத்தில் பாதிப்பேர் விருந்து வைப்பார்கள், மீதிப்பேர் சாப்பிடப் போவார்கள். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் இல்லை. வர வேண்டியவர்களுக்குத் தெரியும், வருவார்கள். வீட்டுக்காரன் உட்காரக் கூடாது, நின்றுகொண்டேதான் உபசரிக்க வேண்டும். வந்தவரைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்பது மகா கேவலம். வாசலில் வந்து நிற்பவன் ஜென்ம விரோதியாக இருந்தாலும் அன்றைக்கு உள்ளே வா என்றுதான் சொல்லியாக வேண்டும்.

இது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. அன்று மதியம் வீட்டில் நிற்க இடமில்லை. நோன்புக் காலம் என்பதால் இறைச்சி கிடையாது. அதற்கு வட்டியும் முதலுமாக மீன் சூப், பொரித்த மீன், அடுப்பில் வேகவைத்த அவரை, வால்நட் வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ் என்று நான் விடியலிலிருந்து வெந்துகொண்டிருந்தேன். என் கணவன் திஹோமிர் புதுச் சட்டையோடு நின்று எல்லார் கோப்பையிலும் ஊற்றிக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவர் வந்தார். உயரமான கிழவர். பழைய கறுப்புக் கோட்டு, ஆனால் நன்றாகத் தேய்த்தது. குளிர்காற்றில் காது இரண்டும் சிவந்திருந்தன. ஒரு கையில் தொப்பி, மறு கையில் ஒரு காகிதப் பை.

திஹோமிர் பாய்ந்து போய்க் கட்டிக்கொண்டு மூன்று முறை கன்னத்தில் முத்தம் கொடுத்தான். அவர் பையை நீட்டினார். வருகிறவர்கள் முதலில் வாயில் போட வாசலருகே வைத்திருந்த இனிப்புக் கோதுமையில் ஒரு கரண்டி எடுத்து, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு வாயில் போட்டார்.  

திஹோமிர் பையோடு சமையலறைக்கு வந்தான்.

"யாரு அது?" என்றேன்.

"என்னைக் கேக்கறியா? உங்க பக்கத்து ஆள் இல்லையா? உங்க சித்தப்பா மாதிரியே மூக்கு."

"எங்க சித்தப்பா மூக்கைப் பத்திப் பேசினே, இன்னைக்கு உனக்குச் சோறு கிடையாது. உன் பட்டாளத்துச் சிநேகிதராத்தான் இருக்கும்."

"அவருக்கு எழுபது வயசு இருக்கும், ரத்மிலா. அவரு பட்டாளத்துல இருந்தப்போ நான் பால் குடிச்சிட்டு இருந்திருப்பேன்."

"அப்ப போய்க் கேளு."

"நீ போய்க் கேளு."

இரண்டு பேருமே கேட்கவில்லை. கேட்கிற காரியமா அது.

பையைத் திறந்தேன். ஒரு பாட்டில் ஒயின், ஒரு பொட்டலம் காப்பித்தூள். சரி. அதற்கு அடியில் சிவப்புக் கம்பளியில் பின்னிய ஒரு ஜோடி காலுறை, என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். எனக்குச் சுருக்கென்றது. எங்களுக்கு இரண்டு பையன்கள், இரண்டு பேரும் வியன்னாவில். கல்யாணப் பேச்சை எடுத்தால் போதும், போனில் சிக்னல் போய்விடும். பேரன் எப்போது, பேத்தி எப்போது என்று உறவுக்காரர்கள் என் உயிரை வாங்குவது போதாதென்று, யாரென்றே தெரியாத இவரும் காலுறையோடு வந்து குத்திக்காட்டுகிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. காலுறையைத் தூக்கி ஃபிரிட்ஜ் மேல் எறிந்தேன்.

அவர் மேசைக் கோடியில், சமையலறைக் கதவுக்கு நேராக உட்கார்ந்திருந்தார். அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். நான் வெளியே வந்தால் என்னைப் பார்க்க மாட்டார், எனக்குப் பின்னால் பார்ப்பார். பிறகு மறுபடி உட்கார்ந்துகொள்வார். சூப்போடு வந்தேன், எழுந்தார். ரொட்டியோடு வந்தேன், எழுந்தார்.

"தட்டைப் பார்த்துச் சாப்பிடுங்க ஐயா," என்றேன். "மீன் முள்ளு சிக்கிக்கப் போகுது."

"ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றார். மீனைத் தொடவே இல்லை.

திஹோமிரின் அக்கா லியூபிங்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "எங்கேருந்து வர்றீங்க?" என்று ஆரம்பித்தாள். அதைக் கேட்கலாம், தப்பில்லை.

"இவானிட்சாலேருந்து."

"அம்மாடி, அவ்வளவு தூரத்துலேருந்தா? இந்தக் குளிர்லயா?"

அவர் ஒரு முறை சமையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டார். "நகரம் பாக்கலாம்னு வந்தேன்," என்றார்.

சும்மா விடுவார்களா. மேசை முழுவதும் கிளம்பிவிட்டது. அதைப் பார்த்தாயா, இதைப் பார்த்தாயா, அதைப் பார்க்காமல் போனால் வந்ததே வீண். திஹோமிரின் ஆபீஸ் நண்பன் ஷார்க்கோ, வயிற்றுப்புண்ணால் குடிக்க முடியாமல் எலுமிச்சைச் சாற்றோடு மல்லுக்கட்டுகிறவன், "சாவா கோயில் பார்த்தீங்களா?" என்றான்.

"பார்த்தேன். பெருசா இருக்கு."

அவ்வளவுதான். உள்ளே தங்கமாய் இழைத்த அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்துக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். இவர் பெருசா இருக்கு என்கிறார்.

"அப்புறம்?"

"ரெண்டாம் நம்பர் டிராம்ல ஏறினேன். சுத்திச் சுத்தி வந்துச்சு."

"அது வட்டமாத்தான் போகும் ஐயா. ஏறின இடத்துலயே கொண்டுவந்து விட்டுடும்."

"ஆமா. விட்டுச்சு. இறங்க மனசு வரல."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் காப்பித் தட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

"கோட்டைக்குப் போனீங்களா? அங்க வெற்றி வீரன் சிலை நிக்குதே, பார்த்தீங்களா?" என்றாள் லியூபிங்கா. "முன்பக்கமா பார்த்தீங்களா? பாதிப்பேரு அதுக்குத்தானே போறாங்க. ஒட்டுத்துணி இல்லாம நிக்கிறான்னு வெக்கப்பட்டுத்தானே அந்தக் காலத்துல ஊருக்கு முதுகைக் காட்டி ஓரமா நிக்க வெச்சாங்க."

"நான் அவரைப் பாக்கல," என்றார் கிழவர். "அவரு பாக்கற பக்கத்தைப் பார்த்தேன். ஆத்துக்கு இந்தப் பக்கம் இந்தக் கட்டடமெல்லாம் தெரியுது. ரொம்ப நேரம் அங்கதான் நின்னேன்."

 எத்தனை பேரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன். ஒருவர் ஆற்றைப் பார்ப்பார், ஒருவர் சூரியன் மறைவதைப் பார்ப்பார், லியூபிங்கா மாதிரி ஆட்கள் சிலையின் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். நாங்கள் குடியிருக்கும் புது பெல்கிரேடின் இந்தச் சாம்பல் நிறப் பெட்டிக் கட்டடங்களை அங்கே நின்று பார்த்த மனிதர் ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. உங்களுக்குச் சொந்தமான யாரோ உள்ளே இருந்தால் மட்டுமே அவற்றை அப்படிப் பார்க்க முடியும்.

"ஐயா, ஒரு ஜாடி மூடி திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் வர்றீங்களா?" என்றேன். திஹோமிர் வாயைத் திறந்தான். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

சமையலறைக்குள் வந்ததும் அவர் ஜாடியைத் தேடவில்லை. மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். என்னைத் தவிர யாரும் இல்லை.

"அவ இல்லையா?" என்றார்.

"யாரு ஐயா?"

"நெவேனா. என் பொண்ணு." அவர் குரல் தேய்ந்துவிட்டது. "இந்த வீட்டுலதானே வாழ்க்கைப்பட்டிருக்கா. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால மூணாவது கட்டடம், அஞ்சாவது மாடின்னு சொன்னாங்களே."

"இது ரெண்டாவது கட்டடம்," என்றேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. தொப்பியை இரண்டு கையாலும் பிசைந்தார். "ஐயோ, யாருன்னே தெரியாத வீட்டுல உக்காந்து சூப்பெல்லாம் குடிச்சுட்டேனேம்மா. எதிர் வீட்டுக் கதவுலயும் கூட்டம், உங்க கதவுலயும் கூட்டம். நீங்க யாருமே என்னைக் கேக்கல."

"எப்படிக் கேப்போம்? இன்னைக்கு அதைக் கேக்க முடியுமா?"

"அதுக்குத்தாம்மா இன்னைக்கு வந்தேன்," என்றார்.

நின்றபடியே சொன்னார். பேர் விதோயே. மனைவிக்கு உடம்பு முடியாமல் போனபோது மகள் பெல்கிரேடுக்குக் கொண்டுபோகலாம் என்று மன்றாடியிருக்கிறாள். உள்ளூர் டாக்டரே போதும் என்று இவர் பிடிவாதமாக இருந்துவிட்டார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். புதைகுழிக்குப் பக்கத்திலேயே மகள், "நீங்கதான் கொன்னீங்க" என்றாள். இவர், "இனிமே என் வாசல் உனக்கு இல்லை" என்றார். அதோடு சரி. கல்யாணம் நடந்தது, குழந்தை பிறந்தது, எல்லாமே மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். மாப்பிள்ளை முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. மாப்பிள்ளை வீட்டு ஸ்லாவா நிக்கோலா என்று யாரோ சொன்னார்கள்.

"வேற நாள்ல வந்தா என் மூஞ்சியிலேயே கதவைச் சாத்துவா. அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இன்னைக்கு அப்படிச் சாத்த முடியாதுல்லம்மா?" என்று என்னையே கேட்டார். ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்று அவ்வளவு ஏக்கமாக என் முகத்தைப் பார்த்தார்.

 ஃபிரிட்ஜ் மேலிருந்து காலுறையை எடுத்து அவர் கோட்டுப் பையில் திணித்தேன். ஏப்ரனுக்கு மேலேயே கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

"எங்கே போறே?" என்றான் திஹோமிர்.

"உப்பு வாங்க."

"இவரோடயா?"

"இவரோடதான். நீ உக்காந்துடாதே, நின்னுக்கிட்டே இரு."

மூன்றாவது கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் எல்லாக் கதவும் திறந்து கிடந்தன, ஒரே ஒரு கதவைத் தவிர. அந்தக் கதவில் மாப்பிள்ளையின் பேர் எழுதியிருந்தது. விதோயே தலைமுடியைத் தடவிச் சரிசெய்துகொண்டு மணியை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். உள்ளே சத்தமே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் செருப்பும் கையில் கோப்பையுமாக எட்டிப் பார்த்தார். "அவங்க காலையிலேயே கார்ல போயிட்டாங்களே. ஸ்லாவா அன்னைக்கு வீட்டைப் பூட்டிட்டுப் போற ஜனங்களை இன்னைக்குத்தான் பாக்கறேன். ரொட்டி, கோதுமை, மெழுகுவத்தி எல்லாத்தையும் தூக்கிட்டுப் போறாங்க, என்ன கூத்தோ. நீங்க உள்ள வாங்க, ஒரு வாய் குடிங்க."

விதோயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "நான் வர்றது தெரிஞ்சுதான் போயிட்டா," என்றார். "என் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு குலப் புனிதரையே தூக்கிட்டுப் போயிட்டா."

"வர்றதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

"அப்புறம் எப்படித் தெரியும்?" என்றேன். அந்த மெழுகுவத்தி என் மண்டையைக் குடைந்தது. ஊர் சுற்றப் போகிறவர்கள் ஸ்லாவா மெழுகுவத்தியை எதற்கு எடுத்துப் போக வேண்டும்? "ஐயா, உங்க வீட்டு ஸ்லாவா எது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஐயா, உங்களைத்தான்."

"நிக்கோலாதான்," என்றார் மெதுவாக.

"இன்னைக்கேவா?"

"இன்னைக்குத்தான்."

"அப்ப உங்க வீட்டுல வர்றவங்களை யாரு பாக்கறா?"

"யாரு இருக்கா பாக்க? ஆம்பளப் பிள்ளையா இருக்கான், எனக்கப்புறம் மெழுகுவத்தி ஏத்த? பூட்டிட்டு வந்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. எங்களில் வீட்டுக்காரன் ஸ்லாவா அன்று வாசலைத் தாண்ட மாட்டான். காய்ச்சல் கொதித்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இவர் பூட்டிவிட்டு வந்து டிராமில் வட்டமடித்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருப்பதைக்கூட நான் பார்க்கவில்லை.

"இன்னைக்குக் கதவைச் சாத்த முடியாதுன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியுமா?" என்றேன். "உங்க பொண்ணுக்குத் தெரியாதா? அவளும் உங்க வீட்டுல வளந்தவதானே?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"போன் எங்கே?"

"அணைச்சு வெச்சிருக்கேன். வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுவாங்க. எங்கே இருக்கேன்னு கேட்டா என்ன சொல்றது?"

"போடுங்க முதல்ல."

அது பெரிய பொத்தான் வைத்த பழைய போன். உயிர் வந்த கையோடு அடித்தது. ஒரு பெண்பிள்ளை குரல். அவர் காதோடு வைத்திருந்தும் மாடி முழுக்கக் கேட்டது. இவானிட்சாவில் அவருக்குப் பக்கத்து வீட்டு மிலுங்கா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"எங்கேய்யா தொலைஞ்சே? காலையிலேருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு விரல் தேஞ்சுபோச்சு. உன் மக வந்து வாசப்படியில உக்காந்திருக்கா. மாப்பிள்ளை குழந்தையைக் கார்ல வெச்சுக்கிட்டு இருக்காரு. எங்க வீட்டுக்குள்ள வாங்கடின்னா கேக்க மாட்டேங்கறா. எங்கப்பா வீட்டுக்குத்தான் வந்திருக்கேங்கறா. இந்தா, நீயே பேசு."

போனில் காற்றுச் சத்தம் கேட்டது. பிறகு, "அப்பா."

விதோயே போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.  நான் முழங்கையால் இடித்தேன். "பேசுங்க. நகரம் பாக்க வந்தேன்னு அத்தனை பேர் முன்னால அளந்தீங்களே, இப்ப வாய் எங்கே போச்சு?"

"அப்பா, கதவு பூட்டியிருக்கு."

"சாவி... விறகு அடுக்குல இருக்கும்மா. உங்கம்மா வைக்கிற இடத்துலயே."

"தெரியும். பார்த்தேன்."

"அப்புறம் ஏம்மா பனியில உக்காந்திருக்கே?"

"நீங்க சொல்லாம எப்படிப்பா எடுக்கறது?"

அவர் அழுதுவிட்டார். கிழவர்கள் அழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரரும் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எடும்மா," என்றார் விதோயே. "எடுத்துத் திற. அடுப்பைப் பத்தவை, குழந்தைக்குக் குளிரும். கோதுமையை மேசையில வை. மெழுகுவத்தியை ஏத்து."

"நீங்க எங்கேப்பா இருக்கீங்க?"

அவர் அந்தப் பூட்டிய கதவைப் பார்த்தார். "உன் வீட்டு வாசல்ல," என்றார்.

 அந்தப் பக்கம் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கடைசிப் பேருந்துக்கு நேரம் இருந்தது. அப்போதெல்லாம் பேருந்து நிலையம் ஆற்றுக்கு அக்கரையில் பழைய இடத்தில் இருந்தது. குடிக்காதவன் ஷார்க்கோ ஒருவன்தான், அவன் காரை எடுத்தான். நான் மீனும் அவரையும் ஒரு டப்பாவில் அடைத்துக்கொண்டு முன்னால் ஏறினேன். அவர் கொண்டுவந்த ஒயினை மட்டும் திருப்பித் தரவில்லை. அது என் வீட்டு ஸ்லாவாவுக்கு வந்துவிட்ட ஒயின்.

பாலத்தில் ஏறும்போது இருட்டிவிட்டது. இடப்பக்கம் கோட்டைக்கு விளக்குப் போட்டிருந்தார்கள், அந்தச் சிலையும் உச்சியில் தெரிந்தது. ஷார்க்கோ எனக்காக வேகத்தைக் குறைத்தான். அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்ததே இல்லை. பின்னால் போன் அடித்தது.

"அப்பா, மிலுங்கா அக்கா வீட்டு ஆளுங்க, மேல்வீட்டுக்காரங்க, எல்லாரும் வந்துட்டாங்க. வீட்டுக்காரர் எங்கேன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

"நீதான்னு சொல்லு," என்றார் விதோயே.



"நெவேனா, கேக்குதா? நான் வர்ற வரைக்கும் நீதான். உக்காந்துடாதேம்மா. வந்தவங்க போற வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கணும்."

"நின்னுக்கிட்டுத்தாம்ப்பா இருக்கேன்," என்றாள் அவள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டை பின்னால் போய்விட்டது. அதைக் காட்ட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.